பி.ஆர்க் முடித்து அமெரிக்காவில் வேலை செய்பவர்களுக்கு: ஆர்க்கிடெக்ட் லைசென்ஸுக்கு நான்கு வழிகள், எது யாருக்கு?

போன மாதம் டல்லாஸிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.ஆர்க் முடித்தவன். இங்கே வந்து எம்.எஸ். படித்துவிட்டு, ஓர் அலுவலகத்தில் இரண்டு வருடமாக வேலை செய்கிறான். "அண்ணா, டபிள்யூ.இ.எஸ். அறிக்கை வந்துடுச்சு. இனி லைசென்ஸுக்கு அப்ளை பண்ணிடலாம்ல?" என்று சந்தோஷமாகக் கேட்டான்.

டபிள்யூ.இ.எஸ். என்பது வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் நிறுவனம். அதன் அறிக்கையை வைத்து டெக்சாஸில் அது நடக்காது என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை. ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். மாதத்துக்கு ஒரு முறையாவது இதே கேள்வி எனக்கு வருகிறது. நம் ஊரில் ஐந்து வருடம் தூக்கம் கெட்டு, மாடல் செய்து, ஜூரியில், அதாவது டிசைனை மதிப்பிடும் குழு முன், நின்று வாங்கிய பட்டம், இங்கே வந்ததும் எந்தக் கணக்கில் சேரும் என்பது யாருக்கும் சரியாகத் தெரிவதில்லை. தெரியாமல் தவறான வழியில் இரண்டு மூன்று வருடம் போய்விடுகிறது. எனக்கும் அப்படிப் போனது. அதனால்தான் நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது யாருக்குப் பொருந்தும் என்று நான் நினைப்பதை எழுதுகிறேன்.

முதலில் அந்த டபிள்யூ.இ.எஸ். விஷயத்தை முடித்துவிடுவோம். பொதுவான மதிப்பீட்டு நிறுவனம் சொல்வது இவ்வளவுதான்: உங்கள் பட்டம் அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்குச் சமம். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கும் விசா வேலைகளுக்கும் அது போதும். ஆர்க்கிடெக்ட் லைசென்ஸ் கேட்கும் கேள்வி வேறு. இந்த ஐந்து வருடத்துக்குள் என்னென்ன பாடம் இருந்தது, ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம், அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ஒரு கட்டடக்கலைப் பட்டத்துக்குள் இருப்பதெல்லாம் இதற்குள்ளும் இருக்கிறதா என்று அது கேட்கிறது.

மூன்று பெயர்கள், மூன்று படிகள்

நம் நாட்டில் இது எளிது. 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தின்படி, அங்கீகரிக்கப்பட்ட பி.ஆர்க் பட்டம் கையில் இருந்தால் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்துகொள்ளலாம். தனியாகத் தேர்வு கிடையாது. பட்டம் வாங்கிய அதே வருடத்தில் கவுன்சில் எண்ணோடு விசிட்டிங் கார்டு அடித்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

அமெரிக்காவில் படிப்பு, அனுபவம், தேர்வு என்று மூன்று படி. லைசென்ஸ் கொடுப்பது அந்தந்த மாநில வாரியம். மாநிலங்களும் நிலப்பகுதிகளும் சேர்த்து மொத்தம் 55 வாரியங்கள். இவை எல்லாம் உறுப்பினராக இருக்கும், 1919-இல் தொடங்கிய கூட்டமைப்பு என்கார்ப் (NCARB). அனுபவக் கணக்கான ஏ.எக்ஸ்.பி.யையும் (AXP), ஏ.ஆர்.இ. (ARE) தேர்வையும் நடத்துவது அதுதான். கல்லூரிப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தருவது நாப் (NAAB) என்ற வேறோர் அமைப்பு. இந்த மூன்றும் ஒன்றல்ல என்பது மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஏ.எக்ஸ்.பி. என்றால் ஆறு பிரிவுகளில் மொத்தம் 3,740 மணி நேர வேலை. அதில் மிகப் பெரிய துண்டு வரைபடங்களும் ஆவணங்களும் தயாரிக்கும் பகுதி, 1,520 மணி. மிகச் சிறியது அலுவலக நிர்வாகம், 160 மணி. ஏ.ஆர்.இ. என்பதும் ஆறு தாள்கள். இந்த இரண்டிலிருந்தும் நாம் யாரும் தப்ப முடியாது. கீழே சொல்லும் நான்கு வழிகளும் முதல் படியான படிப்பை எப்படிக் காட்டுவது என்பதில்தான் பிரிகின்றன. அமெரிக்காவிலேயே படித்தவர்களுக்கும் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து லைசென்ஸ் கைக்கு வர சராசரியாக 13 வருடம் ஆகிறது என்று என்கார்ப் கணக்கு சொல்கிறது. ஆகவே தாமதமாகிறதே என்று யாரும் மனம் உடைந்துபோக வேண்டாம். தவறான வரிசையில் நின்று தாமதமாவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

வழி ஒன்று: ஈசா (EESA) மதிப்பீடு

என்னைக் கேட்டால், தமிழ்நாட்டில் ஐந்து வருட பி.ஆர்க் முடித்த பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சரியான வழி. நாப் அமைப்பே நடத்தும் மதிப்பீடு இது. உங்கள் மதிப்பெண் பட்டியலையும் ஒவ்வொரு பாடத்தின் விவரத்தையும் வாங்கி, என்கார்பின் கல்வி அளவுகோலோடு வரி வரியாக ஒப்பிட்டு, எங்கெங்கே குறை இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பார்கள். குறைகளைத் தீர்த்துவிட்டால் உங்கள் பி.ஆர்க், லைசென்ஸ் விஷயத்தில், அங்கீகாரம் பெற்ற அமெரிக்கப் பட்டத்துக்குச் சமமாக நிற்கும். டெக்சாஸ் போல கறாராக இருக்கும் வாரியங்களும் இதை ஏற்கின்றன.

நம் பட்டதாரிகளுக்கு எங்கே குறை வரும் தெரியுமா? டிசைனில் வராது. கட்டுமானத்தில் வராது. ஸ்ட்ரக்சர், வரலாறு எல்லாம் நிரம்பி வழியும். குறை வருவது பொதுக்கல்வியில். அமெரிக்கப் பட்டங்களில் ஆங்கிலக் கட்டுரை எழுதுதல், இலக்கியம், சமூக அறிவியல் போன்ற பொதுப் பாடங்கள் கணிசமாக இருக்கும். நம் பி.ஆர்க் முதல் செமஸ்டரிலிருந்தே டிராயிங் போர்டில் ஆரம்பித்துவிடுகிறது. பிளஸ் டூவில் நாம் படித்ததைப் பல்கலைக்கழகப் படிப்பாக அவர்கள் எண்ணுவதில்லை.

இந்தக் குறை கேட்கத்தான் பயமாக இருக்கும், தீர்ப்பது எளிது. பக்கத்திலுள்ள கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்பாக எடுக்கலாம். அதைவிடச் சிக்கனம், காலேஜ் போர்டு நடத்தும் கிளெப் தேர்வுகள். ஒரு தேர்வுக்குச் சுமார் 100 டாலர், தேர்வு மையக் கட்டணம் தனி. வீட்டிலேயே படித்து, ஒரு சனிக்கிழமை போய் எழுதிவிட்டு வரலாம். நான் சமூகவியலும் உளவியலும் அப்படித்தான் எழுதினேன். வேலைக்குப் போய்க்கொண்டே இரண்டு மாதத்தில் முடிந்தது. ஆனால் கட்டடக்கலைப் பாடங்களிலேயே குறை வந்தால் கிளெப் உதவாது. அதற்குப் பல்கலைக்கழக வகுப்பில்தான் உட்கார வேண்டும்.

செலவு? மதிப்பீட்டுக் கட்டணம் ஆயிரம் டாலர்களில் வரும். சம்பளம் வாங்கத் தொடங்கியிருக்கும் ஒருவருக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆனாலும் அடுத்த வழியின் செலவைப் பார்த்த பிறகு இது பெரிதாகத் தெரியாது.

இந்த வழியின் உண்மையான சிரமம் பணத்தில் இல்லை, ஊரிலிருந்து காகிதம் வரவழைப்பதில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான்.

டிரான்ஸ்கிரிப்ட் பல்கலைக்கழகத்திடமிருந்து நேரடியாகப் போக வேண்டும். நீங்கள் கையில் வைத்திருக்கும் செமஸ்டர் மார்க் ஷீட்டுகளை ஸ்கேன் செய்து அனுப்பினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நம்மில் பெரும்பாலானவர்கள் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் படித்தவர்கள் என்பதால் கிண்டிக்கு விண்ணப்பம் போக வேண்டும். தன்னாட்சிக் கல்லூரியில் படித்திருந்தால் பட்டம் பல்கலைக்கழகத்துடையது, ஆனால் மதிப்பெண் ஆவணங்கள் அந்தக் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் இருக்கும். சீனியர்களுக்கு இன்னும் சுற்று. 2001-க்கு முன் இணைப்புக் கல்லூரிகளில் சேர்ந்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகம் போன்ற பழைய பல்கலைக்கழகங்களைத் தேடிப் போக வேண்டியிருக்கும். திருச்சி என்.ஐ.டி. அப்போது ஆர்.இ.சி.யாக இருந்தது, அந்தக் காலப் பட்டம் பாரதிதாசன் பல்கலைக்கழகத்துடையது. நடுவில் சில வருடம் அண்ணா பல்கலைக்கழகமே கோவை, திருச்சி, நெல்லை, மதுரை என்று பிரிந்திருந்து 2012-இல் மறுபடி ஒன்றானது. அந்த இடைக்காலத்தில் படித்தவர்களின் பட்டத்தில் உள்ள பெயரும் இன்றைய பெயரும் பொருந்தாது. மதிப்பீட்டாளருக்கு இது ஏன் என்று ஒரு விளக்கக் கடிதம் சேர்த்து அனுப்புவது நல்லது.

அடுத்தது சிலபஸ். பாட விவரம் என்று அவர்கள் கேட்பது நீங்கள் படித்த வருடத்துப் பாடத்திட்டத்தை. நம் பல்கலைக்கழகம் சில வருடத்துக்கு ஒருமுறை ரெகுலேஷனை மாற்றும். பாடக் குறியீட்டு எண்களே மாறிப்போகும். என் விஷயத்தில், ஊரில் ஒரு ஏஜென்சிக்காரர் இணையத்தில் கிடைத்த புது ரெகுலேஷனை அச்சடித்து, சீல் வாங்கி அனுப்பிவிட்டார். மார்க் ஷீட்டில் ஒரு குறியீடு, சிலபஸில் வேறு குறியீடு. திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஐந்து மாதம் போயிற்று. அதற்குப் பிறகு என் ஹாஸ்டல் நண்பன் ஒருவன் பழைய சிலபஸ் புத்தகத்தைத் தன் வீட்டுப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்ததால் தப்பித்தேன். அந்தப் புத்தகத்தைக் கல்லூரி முதல்வரிடம் காட்டி சான்றொப்பம் வாங்கியது என் அம்மா.

அப்புறம் பெயர். இது தமிழர்களுக்கென்றே இருக்கும் தொல்லை. பட்டத்தில் இனிஷியலோடு பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும். என்கார்ப் பதிவில் பாஸ்போர்ட் பெயர், டிரான்ஸ்கிரிப்டில் இனிஷியல் பெயர் என்று இரண்டு ஆளாகத் தெரிவோம். இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை ஆரம்பத்திலேயே சேர்த்துவிடுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றிய பெண்களுக்கு இது இரட்டைச் சிக்கல். கல்யாணப் பதிவுச் சான்றிதழும் கூட வேண்டும்.

வழி இரண்டு: அங்கீகாரம் உள்ள எம்.ஆர்க்

நாப் அங்கீகாரம் பெற்ற எம்.ஆர்க் ஒன்றை இங்கே படித்து முடித்தால் படிப்புப் படி அத்தோடு தீர்ந்தது. ஈசா தேவையில்லை, கிண்டிக்கு அலைய வேண்டியதில்லை, எந்த மாநிலமும் கேள்வி கேட்காது. நம் பி.ஆர்க்கைப் பார்த்துவிட்டு மூன்று வருடப் படிப்பில் ஒரு பகுதியைக் கழித்து, இரண்டு வருடத்தில் முடிக்க விடும் பள்ளிகளும் இருக்கின்றன.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. எத்தனையோ பேர் அதில் மாட்டியிருக்கிறார்கள். எம்.ஆர்க் என்ற ஒரே பெயரில் இரண்டு வகைப் படிப்பு இருக்கிறது. ஒன்று முதல் தொழில்முறைப் பட்டம், அங்கீகாரம் அதற்குத்தான். இன்னொன்று ஏற்கெனவே தொழில்முறைப் பட்டம் வைத்திருப்பவர்களுக்கான மேல்படிப்பு. பி.ஆர்க் வைத்திருக்கும் நம்மைப் பெரும்பாலும் இந்த இரண்டாவதற்குத்தான் அழைப்பார்கள். மூன்று செமஸ்டர், பெரிய பள்ளியின் பெயர், அருமையான ஸ்டூடியோ. படிப்பு தரமானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. லைசென்ஸுக்கு மட்டும் அது உதவாது. அந்தப் பள்ளிக்கு அங்கீகாரம் இருக்கிறதே என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கீகாரம் பள்ளிக்குத் தரப்படுவதில்லை, ஒவ்வொரு பட்டப்படிப்புக்கும் தனித்தனியாகத் தரப்படுகிறது. நாப் வெளியிடும் பட்டியலில் அந்தப் பட்டத்தின் பெயரையே தேடிப் பாருங்கள். எம்.எஸ். என்று முடியும் எதுவும் அந்தப் பட்டியலில் இருக்காது. டல்லாஸ் தம்பி படித்தது அதுதான்.

அவன் ஏன் எம்.எஸ். எடுத்தான் என்பதும் எனக்குப் புரிகிறது. மாணவர் விசாவில் படித்து முடித்தால் ஒரு வருடம் வேலை செய்ய அனுமதி. படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் இன்னும் 24 மாதம் கூடுதல். வழக்கமான ஆர்க்கிடெக்சர் என்ற வகைப்பாடு ஸ்டெம் பட்டியலில் இல்லை. கட்டட அறிவியல், தொழில்நுட்பம் என்ற வகைப்பாடு இருக்கிறது. மூன்று வருட வேலை அனுமதிக்கும் லைசென்ஸுக்குப் போகும் பட்டத்துக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் நம் பிள்ளைகள் நிற்கிறார்கள். ஹெச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கலில் பெயர் விழ வேண்டுமானால் எத்தனை முறை கலந்துகொள்ள முடிகிறது என்பது முக்கியம் என்பதால் ஸ்டெம்மைத்தான் எடுக்கிறார்கள். அதில் தவறு இல்லை. அங்கீகாரமும் ஸ்டெம் வகைப்பாடும் இரண்டும் உள்ள எம்.ஆர்க் படிப்புகளைச் சில பள்ளிகள் இப்போது நடத்துகின்றன. இடம் கிடைத்தால் அதை விடாதீர்கள். கிடைக்காவிட்டால் ஸ்டெம் படிப்பை எடுத்துவிட்டு, கூடவே ஊர் பி.ஆர்க்கை ஈசாவில் போடுங்கள். மேலே படித்த எம்.எஸ். அங்கீகாரம் இல்லாததாக இருந்தாலும், அதில் எடுத்த சில பாடங்கள் ஈசா குறைகளை நிரப்ப உதவக்கூடும் என்பதால் அதன் டிரான்ஸ்கிரிப்டையும் சேர்த்தே அனுப்புங்கள்.

லைசென்ஸ் ஒன்றுக்காக மட்டும், ஏற்கெனவே இங்கே வேலையில் இருக்கும் ஒருவர் வேலையை விட்டுவிட்டு எம்.ஆர்க் சேரலாமா? வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பல பத்தாயிரம் டாலர் கட்டணம், இரண்டு வருடச் சம்பள இழப்பு. ஊரில் வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் பலருக்கு நான்கைந்து கிளெப் தேர்வும் ஒரு ஈசா அறிக்கையும் போதுமானதாக இருந்திருக்கும்.

வழி மூன்று: மாநிலம் பார்த்து நுழைவது

அங்கீகாரம் பெற்ற பட்டம் இல்லாவிட்டாலும், அனுபவத்தைக் கூட்டிக் காட்டினால் லைசென்ஸ் தரும் மாநிலங்கள் உண்டு. இதில் நம்மவர்கள் அதிகம் பேசுவது கலிபோர்னியாவையும் நியூயார்க்கையும்.

கலிபோர்னியா வாரியம் படிப்பும் வேலையும் சேர்த்து எட்டு வருடம் கேட்கிறது. நாப் பட்டம் இருந்தால் அதில் ஐந்து வருடம் கழியும். அங்கீகாரம் இல்லாத ஐந்து வருடத் தொழில்முறைப் பட்டத்துக்கு நான்கு வருடம் வரை கழியும். அதாவது நம் பி.ஆர்க்குக்கும் அமெரிக்கப் பட்டத்துக்கும் அங்கே ஒரு வருடம்தான் வித்தியாசம். இன்னொரு வசதி, வெளிநாட்டுப் பட்டத்துக்கு டபிள்யூ.இ.எஸ். போன்ற பொது மதிப்பீட்டு நிறுவனங்களின் அறிக்கையை அந்த வாரியம் ஏற்கிறது. டல்லாஸ் தம்பி சான் ஹோசேயில் இருந்திருந்தால் அவன் கையிலிருந்த அறிக்கையே வேலைக்கு ஆகியிருக்கும். ஏ.எக்ஸ்.பி., ஏ.ஆர்.இ. இரண்டும் அங்கேயும் உண்டு. கூடவே கலிபோர்னியாவுக்கென்று தனித்தேர்வு ஒன்று. பூகம்பம், கடற்கரைப் பகுதி விதிகள், சுற்றுச்சூழல் சட்டம் எல்லாம் வரும். நியூயார்க்கில் படிப்பும் அனுபவமும் சேர்த்து 12 வருட மதிப்பு வேண்டும். அங்கீகாரப் பட்டத்துக்கு அதில் ஒன்பது கிடைக்கும், மற்றவர்கள் கூடுதல் அனுபவத்தால் நிரப்ப வேண்டும்.

இந்த வழி மலிவு, காகித அலைச்சலும் குறைவு. சிக்கல் பிறகுதான் வரும். அங்கே வாங்கிய லைசென்ஸை வைத்துக்கொண்டு டெக்சாஸுக்கோ ஃபுளோரிடாவுக்கோ மாறினால், அந்த வாரியங்கள் படிப்பு எங்கே என்று மறுபடி கேட்கும். மாநிலம் விட்டு மாநிலம் லைசென்ஸைக் கொண்டுபோக எளிய சாவி என்கார்ப் சான்றிதழ். அதற்கும் படிப்புத் தகுதி வேண்டும். ஏதோ ஒரு மாநிலத்தில் மூன்று வருடம் தொடர்ந்து லைசென்ஸ் வைத்திருந்தவர்களுக்கு, கூடுதல் அனுபவத்தைக் காட்டிச் சான்றிதழ் வாங்கும் மாற்றுவழி என்கார்பில் இருக்கிறது. ஆகவே கதவு முழுக்க அடைபடவில்லை. இருந்தாலும் விசாவில் இருக்கும் ஒருவருக்கு அடுத்த வேலை எந்த மாநிலத்தில் கிடைக்கும் என்று யார் சொல்ல முடியும்? சொந்த வீடு வாங்கி, பிள்ளைகள் பள்ளியில் ஊன்றி, இனி லாஸ் ஏஞ்சலிஸை விட்டு நகரமாட்டோம் என்று இருப்பவர்களுக்கு இது நல்ல வழி. மற்றவர்களுக்கு நான் தயங்கித்தான் சொல்வேன்.

வழி நான்கு: வெளிநாட்டு ஆர்க்கிடெக்ட் பாதை

இதைப் பற்றி நம்மவர்களில் மிகச் சிலருக்குத்தான் தெரியும். 2016-இல் என்கார்ப் கொண்டுவந்தது. வேறு நாட்டில் ஏற்கெனவே முறைப்படி பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட் என்றால், அந்தப் பதிவுக்கு அடிப்படையாக இருந்த பட்டத்தைக் காட்டி, ஏ.எக்ஸ்.பி. மணிகளையும் கணக்கு காட்டி, ஏ.ஆர்.இ. ஆறு தாள்களையும் தேறினால் என்கார்ப் சான்றிதழ் கிடைக்கும். ஈசா தேவையில்லை. பொதுக்கல்விக் குறை என்ற பேச்சே வராது.

நம் கவுன்சில் பதிவுக்கு இங்கே மதிப்பு வருவது இந்த வழியில்தான். ஊரில் பத்து வருடம் சொந்த அலுவலகம் நடத்திவிட்டு, கணவரோ மனைவியோ வேலைக்கு வந்ததால் கூட வந்தவர்கள் இருக்கிறார்கள். தங்கள் அனுபவம் எல்லாம் வீணாகிவிட்டது என்று நினைத்து, சமையலறை கேபினட் கடையில் வேலைக்குச் சேர்ந்த ஓர் அக்காவை நான் அறிவேன். திருநெல்வேலியில் பள்ளிக்கூடங்களும் கல்யாண மண்டபங்களும் கட்டியவர். அவரைப் போன்றவர்கள்தான் முதலில் இந்தப் பாதையைப் பார்க்க வேண்டும்.

இரண்டு விஷயம் கவனம். கவுன்சில் பதிவு உயிரோடு இருக்க வேண்டும், அதைக் கவுன்சிலே நேரடியாக என்கார்புக்கு உறுதி செய்ய வேண்டும். விமானம் ஏறியவுடன் புதுப்பிக்க மறந்துவிடுகிறோம்; பதிவேட்டிலிருந்து பெயர் போய்விடுகிறது. கட்டணம் கட்டி மீட்க முடியும் என்றாலும் அது இன்னொரு அலைச்சல். இரண்டாவது, ஏ.எக்ஸ்.பி. மணிகளில் கிட்டத்தட்ட பாதி, குறைந்தது 1,860 மணி, அமெரிக்காவில் லைசென்ஸ் உள்ள ஆர்க்கிடெக்டின் மேற்பார்வையில் ஓர் அலுவலகத்தில் வருவது என்பது பொதுவிதி. முழுநேர வேலையில் அது ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும் கணக்குதான். ஊரில் பதிவுபெற்ற ஆர்க்கிடெக்டின் கீழ் செய்த வேலை மீதிப் பாதியில் இடம்பிடிக்கும். அங்கே உங்களுக்கு மேலே இருந்தவரிடம் இப்போதே பேசிவையுங்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான்.

சான்றிதழ் வந்தபின் முதல் லைசென்ஸை எந்த மாநிலத்தில் கேட்பது என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை மாறும். விண்ணப்பம் தொடங்கும் முன் உங்கள் மாநில வாரியத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னதை நம்பித் தொடங்காதீர்கள்.

அப்போ யாருக்கு எது?

பட்டம் வாங்கி நான்கைந்து வருடத்துக்குள் இருப்பவர், கவுன்சில் பதிவு செய்யாதவர் அல்லது செய்தும் பெரிதாக வேலை பார்க்காதவர், அடுத்து எந்த மாநிலம் என்று தெரியாதவர்: ஈசா. யோசிக்கவே வேண்டாம். ஊரில் பதிவோடு வேலை பார்த்தவர்: முதலில் நான்காவது வழியைப் பாருங்கள், உங்கள் மாநிலம் ஒத்துவராவிட்டால் ஈசா. கலிபோர்னியாவில் ஊன்றியவர்: மாநில வழியில் லைசென்ஸ் வாங்கிவிட்டு, கையில் கொஞ்சம் காசு சேர்ந்தபின் ஈசாவையும் முடித்து வையுங்கள். இன்னும் இந்தியாவில் இருந்துகொண்டு எப்படியும் படிக்க வரப்போகிறவர்: அங்கீகாரம் உள்ள எம்.ஆர்க்கைக் குறிவைத்து விண்ணப்பியுங்கள்.

எந்த வழியானாலும் என்கார்ப் பதிவை வேலையில் சேர்ந்த முதல் வாரமே திறந்துவிடுங்கள். மணிகளை அவ்வப்போது எழுதி மேற்பார்வையாளரிடம் ஒப்புதல் வாங்குங்கள். அவர் வேலை மாறிப் போனபின் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. ஈசா அறிக்கை வரும்வரை தேர்வு எழுதாமல் காத்திருக்க வேண்டும் என்பதும் எல்லா இடத்திலும் கட்டாயமில்லை. எப்போது தேர்வு எழுதலாம் என்பதை நீங்கள் விண்ணப்பிக்கும் மாநிலம் தீர்மானிக்கிறது. காகிதம் ஒரு பக்கம் நகர, தாள்களை மறுபக்கம் எழுதி முடித்தவர்கள் நிறையப் பேர். லைசென்ஸ் வரும்வரை கையெழுத்துக்குக் கீழே ஆர்க்கிடெக்ட் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். ஊரில் கவுன்சில் எண் இருந்தாலும் இங்கே அது சட்டப்படி தவறு. டிசைனர் என்று போட்டுக்கொள்ளுங்கள்.

டல்லாஸ் தம்பி ஈசாவில் இறங்கிவிட்டான். கவுன்சில் பதிவை அவன் செய்யவே இல்லை, ஆகவே அவனுக்கு வேறு யோசனை இல்லை. அவனுடைய அப்பா அடுத்த ஞாயிறு இரவு மதுரையில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறுகிறார். திங்கள் காலை எழும்பூரில் இறங்கி, மின்சார ரயிலில் கிண்டி. அவன் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம், மார்க் ஷீட் நகல்கள், பெயர் பற்றிய பத்திரம், இவற்றோடு ஒரு தனித் தாளில் அவன் படித்த ரெகுலேஷனின் வருடத்தைக் கொட்டை எழுத்தில் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.